சத்தம் போடாத கப்பல்

சிங்கப்பூர், தோ பாயோ
26 பிப்ரவரி 2007

அன்புள்ள இம் அக்காவுக்கு,

தங்கை ஹூன் எழுதுகிறேன். சீனப் புத்தாண்டு நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே பிள்ளைகள் சுகம்.

எட்டு மாதமாக நான் உனக்குப் போன் செய்யவில்லை. நீயும் ஏன் என்று கேட்கவில்லை. போன ஜூனில் அந்த விஷயத்தை உன்னிடம் போனில் சொன்னேன். நீ சிரித்தாய். "நல்லதாப் போச்சு" என்று வேறு சொன்னாய். ஒரு அக்கா சொல்கிற சொல்லா அது? அன்றைக்கு வைத்த போன்தான். இன்னும் என் நெஞ்சு ஆறவில்லை.

ஆனாலும் கூடப் பிறந்தவள் என்று எனக்கு மிச்சம் இருப்பது நீ ஒருத்திதான். அதனால் நானே இறங்கி வருகிறேன். ஜூலையில் என்னோடு கப்பலில் வருகிறாயா? 'மாலைத் தாரகை' என்று பெயர். சிங்கப்பூரில் கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும். உன் ஜன்னலுக்கு நேரே வாராவாரம் வந்து நிற்கிறதே, அதே கப்பல்தான். நம் இரண்டு பேருக்கும் பிள்ளைகள் டிக்கெட் எடுத்துத் தருகிறார்கள். அறையை மட்டும் நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எனக்கு வேண்டியது சத்தமில்லாத அறை. என் மேல்வீட்டுக்காரி பகல் முழுக்கக் கோலிக்குண்டு உருட்டுகிறாள். போய்க் கேட்டால், "எங்க வீட்ல கோலிக்குண்டே கிடையாது ஆன்ட்டி, எங்களுக்கும் மேல் வீட்லதான் உருளுது" என்கிறாள். அமைதியான ஓர் அறையில் நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார வேண்டும். அன்று ஏன் சிரித்தாய் என்று உன் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். நீ நேராகப் பதில் சொன்னால் பழையபடி அக்கா தங்கை. இல்லாவிட்டால் அவரவர் ஊரில் அவரவர் இருந்துகொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஹூன்


ஜார்ஜ் டவுன், பினாங்கு
9 மார்ச் 2007

அன்புள்ள ஹூனுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சுகம். முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது, நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். உன் உடம்பு எப்படி?

அதற்குப் போயா எட்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்? சந்தோஷமான விஷயத்தைச் சொன்னால் சிரிக்காமல் அழுவார்களா? சின்ன வயதிலிருந்தே நீ தொட்டால் சிணுங்கி. வயதுதான் ஏறியிருக்கிறது.

போனில் கூப்பிடாமல் எழுதினாய், நல்லது. இனிமேலும் எழுதியே அனுப்பு. என் வீட்டுப் போனில் ஒரே இரைச்சல். ஆளை அனுப்பிச் சரிசெய்யச் சொன்னால் இன்று நாளை என்கிறார்கள்.

கப்பல் விஷயம் யோசிக்க வேண்டும். என் வாசலுக்கே வருகிற கப்பலில் ஏற நான் ராத்திரியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து சிங்கப்பூர் வர வேண்டுமா? பிறகு அதே கப்பலில் பினாங்குக்கு வந்து, என் வீட்டு ஜன்னலை நானே வேடிக்கை பார்க்க வேண்டுமா? ஊர் சிரிக்கும். உன் சிநேகிதிகள் யாரையாவது கூட்டிக்கொண்டு போயேன்.

ஆனால் கூப்பிட்டாயே, அது சந்தோஷம். உன்னைப் பார்க்க ஆசை இல்லை என்று நினைக்காதே.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

இம்


சிங்கப்பூர்
17 மார்ச் 2007

அக்காவுக்கு,

சுகம். உன் சுகம் கடிதத்தில் கண்டேன்.

என் உடம்பு எப்படி என்று கேட்டிருக்கிறாய். தெரியாதவள் மாதிரி கேட்கிறாய். இப்போது தேவலை, போதுமா? "சந்தோஷமான விஷயம்" என்று எழுத உனக்கு எப்படித்தான் கை வந்ததோ. அதைக் கப்பலில் வைத்துக்கொள்கிறேன்.

சிநேகிதிகளை நான் கூப்பிடவில்லை. உன்னைத்தான் கூப்பிட்டேன்.

பயணச் சீட்டு விற்கிற கடையில் யென் பிங் என்று ஒரு பெண். பொறுமைசாலி. கப்பலின் வரைபடத்தை மேசையில் விரித்து, தளம் தளமாகக் காட்டினாள். அக்கா, கப்பலென்றால் கப்பல் இல்லை, நம் அடுக்குமாடி வீட்டைப் படுக்கப்போட்டுத் தண்ணீரில் விட்டிருக்கிறார்கள்! நீச்சல் குளத்துக்குக் கீழே அறை எடுத்தால் விடியும்போதே தலைக்கு மேல் நாற்காலியை இழுப்பார்களாம். எனக்கு அதற்குச் சிங்கப்பூரே போதும். லிஃப்ட் பக்கத்தில் எடுத்தால் கூட்டம் பேசிக்கொண்டே நிற்கும். கப்பலின் மூக்கில் எடுத்தால் நங்கூரச் சங்கிலி இறங்குகிற சத்தம், வாலில் எடுத்தால் எஞ்சின் அதிர்வு. சில அறைகளுக்கு நடுவில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள், அடுத்த அறைக்காரன் தும்மினால் நாம் ஆசீர்வாதம் சொல்லலாம். ஆறாம் தளத்தில் பெரிய மேளக் கச்சேரிக் கூடம். அதற்கு நேர் மேலே இருக்கிற அறையைக் காட்டி, "இத மட்டும் எடுத்துடாதீங்க ஆன்ட்டி, இலவசமா குடுத்தாலும் வேணாம்" என்றாள்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். ஏழாம் தளம், கப்பலின் நடுவயிறு. மேலேயும் அறை, கீழேயும் அறை, நடுக்கதவு கிடையாது, ஆட்டமும் குறைவு. 7044. "எப்படி இது இன்னும் காலியா இருக்கு?" என்று கேட்டேன். "நம்பரப் பாருங்க. ரெண்டு நாலு. நம்ம ஆளுங்க யாரு எடுப்பா? அக்கம்பக்கமும் பாதி நாள் காலியாத்தான் கெடக்கும்" என்றாள். நாலுக்கும் சாவுக்கும் ஒரே உச்சரிப்பை வைத்துவிட்டுப் போன நம் முன்னோருக்கு நன்றி சொன்னேன். அதைவிட அமைதி எங்கே கிடைக்கும்?

உனக்கு ஒரு வேலை. நீதான் என் ஒற்றர். கப்பல் அங்கே வரும்போதும் போகும்போதும் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று கவனித்து எழுது. உன் காதை மாதிரி காது இந்த உலகத்தில் கிடையாது. ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தபோது, எவனாவது "ஹலோ" என்றால் போதும், ஈப்போக்காரனா மெடான்காரனா என்று சொல்லிவிடுவாயே. நீ சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

ஹூன்


ஜார்ஜ் டவுன்
7 ஏப்ரல் 2007

அன்புள்ள ஹூனுக்கு,

சுகமா? நான் சுகம். அப்பா அம்மா கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கி, ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்தேன். உனக்கும் சேர்த்துக் கும்பிட்டேன். வெயிலில் முதுகு எரிகிறது.

ஒற்றர் அறிக்கை. போன வாரமும் இந்த வாரமும் நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு பார்த்தேன். நல்ல கப்பல். சத்தமே போடவில்லை. பூனை வருகிற மாதிரி வருகிறது, பூனை போகிற மாதிரி போகிறது. சாயங்காலம் அது கரையை விட்டு விலகும்போது மட்டும் ஒரு வேடிக்கை. எதிர்க் கிடங்குக் கூரையில் உட்கார்ந்திருக்கிற காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு எழும்பிப் பறக்கின்றன. இரண்டு வாரமும் அப்படித்தான். கப்பலின் நிழலைக் கண்டு பயப்படுகின்றன போலிருக்கிறது.

அறை விஷயத்தில் எனக்குச் சம்மதமில்லை. இரண்டு நாலு போட்ட அறையில் இந்த வயதில் போய்ப் படுப்பதா? தண்ணீருக்கு நடுவில் வேறு. நம் வழக்கம் வழக்கம்தான். நல்ல எண்ணுள்ள அறை கிடைக்காவிட்டால் விட்டுவிடு. வேறொரு வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

பாதத்தில் வெடிப்பு என்று முன்பு சொல்வாயே, இப்போது எப்படி?

இம்


சிங்கப்பூர்
15 ஏப்ரல் 2007

அக்காவுக்கு,

பாதம் சுகம். பாதத்தைப் பற்றியாவது விசாரித்தாயே.

நாலைப் பற்றி நீ பேசுகிறாயா? நாலாவது மாடியில், நாலாம் எண் வீட்டில் இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறவள் யார்? "நம்பர் நாலுன்னு எல்லாரும் ஓடுனாங்க, எனக்கு வாடகை கொறஞ்சுது, சாவு வந்தா உக்கார வச்சு டீ குடுப்பேன்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் யார்? என்னிடம் காது குத்தாதே.

சரி, உன் வழக்கத்துக்கு மரியாதை கொடுத்தாயிற்று. யென் பிங்கை மறுபடி படுத்தி எடுத்து 7068 வாங்கிவிட்டேன். ஆறும் எட்டும். இதைவிட நல்ல எண் வேண்டுமானால் கோயில் சாமியைத்தான் கேட்க வேண்டும். லிஃப்ட் தூரம், நீச்சல் குளம் தூரம், மேளக் கூடம் மிகத் தூரம். இரண்டு கட்டில், நடுவில் ஒரு சின்ன மேசை. நான் கடைக்குள் நுழைந்தாலே அந்தப் பெண் வரைபடத்தைத் தானாக விரித்து வைத்துவிடுகிறாள். "அரண்மனை வாங்குறவங்ககூட இவ்ளோ பாக்க மாட்டாங்க" என்று மேனேஜர் முணுமுணுத்ததும் எனக்குக் கேட்டது.

கப்பல் சத்தம் போடவில்லை என்று நீ எழுதியதை அவளிடம் பெருமையாகச் சொன்னேன். இனி என்ன தடை? ஆகஸ்டில் நம் சீன ஏழாம் மாதம் பிறந்து பேய்கள் உலாவ வருவதற்குள் போய் வந்துவிடலாம். வருகிறேன் என்று ஒரு வரி எழுது.

ஹூன்


ஜார்ஜ் டவுன்
2 மே 2007

அன்புள்ள ஹூனுக்கு,

சுகம். நீ சுகமா? இங்கே மழை தொடங்கிவிட்டது. ஜன்னல் கதவு சரியாக மூடாமல் தரையெல்லாம் நனைகிறது.

எண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பேருக்கும் தனித்தனி அறை எடுத்தால் என்ன? நான் குறட்டை விடுவேன். உனக்கோ கொசு பறந்தாலும் தூக்கம் கெடும். பகலில் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துக்கொண்டால் போதாதா?

இன்னொன்று. அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சொல். கப்பலில் நெருப்பு, புயல் என்று ஏதாவது நேர்ந்தால் ஆட்களுக்கு எப்படித் தெரிவிப்பார்கள்? மணி அடிப்பார்களா? விளக்கு எரியுமா? யாராவது அறைக்குள் வந்து எழுப்புவார்களா, அல்லது கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்களா?

சும்மாதான் கேட்கிறேன். வயதானால் இப்படித்தான் புத்தி போகிறது.

இம்


சிங்கப்பூர்
10 மே 2007

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

தனி அறையா? என்னோடு ஒரே அறையில் இருக்க உனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே. ஒரே பாயில், ஒரே கொசுவலையில் படுத்து வளர்ந்தவர்கள் நாம். உன் குறட்டை எனக்குத் தெரியாதா? நான் அமைதியான அறை தேடி அலைந்தது உன்னோடு பேசுவதற்கு. தனித்தனி அறையில் சுவரோடா பேசுவது?

ஆபத்து விஷயம் கேட்டேன். முதல் நாளே எல்லாரையும் கூட்டி ஒத்திகை வைப்பார்களாம். ஆபத்தென்றால் கப்பல் முழுக்கக் கேட்கிற மாதிரி மணி அடிக்கும், பிறகு ஒலிபெருக்கியில் நாலைந்து மொழியில் சொல்வார்களாம். "செத்தவங்ககூட எழுந்திருவாங்க ஆன்ட்டி" என்றாள். ஆகவே பயப்படாதே.

கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். இரைச்சலோ என்னவோ, எடு. வருகிறாயா இல்லையா, இந்த ஒரு கேள்விதான். பதில் தெரிந்தால் பணத்தைக் கட்டிவிடுவேன்.

ஹூன்


ஜார்ஜ் டவுன்
4 ஜூன் 2007

அன்புள்ள ஹூனுக்கு,

சுகமா? தாமதமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

நன்றாக யோசித்துவிட்டேன். என்னால் வர முடியாது. முழங்கால் வலி கூடியிருக்கிறது. கப்பலில் படியேற முடியாது. பணத்தைக் கட்டியிருந்தால் என் பங்கைத் திருப்பி வாங்கப் பார். நீ போய் வா. பினாங்கில் கப்பல் நிற்கும்போது நான் கரைக்கு வந்து உன்னைப் பார்க்கிறேன். உனக்குப் பிடித்த ஜாதிக்காய் ஊறல் வாங்கி வைக்கிறேன்.

உன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நீயும் வருத்தப்படாதே என்று சொன்னால் கேட்கவா போகிறாய்.

இம்


சிங்கப்பூர்
13 ஜூன் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று இன்றைக்குக் கேட்கப் போவதில்லை. ஏன் என்று கடைசி வரை படி, தெரியும்.

உன் கடிதம் வந்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போனில், "வர்றியா, இல்லையா?" என்று கேட்டேன். "ஆமா ஆமா" என்றாய். "அப்ப பணம் கட்டிடவா?" என்றேன். "ஆமா ஆமா, சாப்பிட்டேன்" என்றாய். விளையாடுகிறாய் என்று நினைத்தேன். பணத்தையும் கட்டினேன். பிறகு பார்த்தால் வர முடியாது என்று கடிதம். இனி உன் முகத்திலேயே விழிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு யென் பிங் கடைக்குப் போனேன்.

"ஒரு ஆளக் கழிச்சிடு. நான் தனியாப் போறேன்."

"தனியான்னா முன்பக்கம் பால்கனி வச்ச அறை ஒன்னு இருக்கு ஆன்ட்டி, அழகா இருக்கும். ஒரே தொல்லை, ஒவ்வொரு துறைமுகத்துலயும் கெளம்பும்போது மூணு தடவ ஊதும். காதப் பொத்திக்கணும்."

"பினாங்குல ஊதாது."

"பினாங்குலதான் நல்லா ஊதும் லா! எங்க மாமா வீடு அங்கதான். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும்."

"எங்கக்கா ரெண்டு வாரம் ஜன்னல்ல உக்காந்து பாத்து எழுதியிருக்கா. ஊதாதுன்னா ஊதாது."

"ஏன் ஆன்ட்டி, உங்க அக்காவுக்குக் காது கேக்காதா?" என்று சிரித்தாள்.

எனக்கு வந்ததே கோபம். "அவ யாருன்னு தெரியுமா உனக்கு? டெலிபோன் ஆபரேட்டர்! உன் பேச்ச வச்சே உன் ஊர், பேர், உன் பாட்டன் பேரு வரைக்கும் சொல்லுவா" என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கு அந்தக் கப்பல் இங்கிருந்து கிளம்புகிற நாள். யார் சொல்வது உண்மை என்று என் காதாலேயே கேட்டுவிடலாம் என்று துறைமுகத்துக்குப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கப்பல் கரையை விட்டு விலகியது. ஊதியது பார், அக்கா! என் பல்லெல்லாம் கிடுகிடுத்தது. பக்கத்தில் நின்ற குழந்தை அலறியது. மரத்திலிருந்த மைனாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு எழும்பிப் பறந்தன.

நான் கப்பலைப் பார்க்கவில்லை. மைனாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உன் கூரைக் காக்கைகள் நினைவுக்கு வந்தன.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களையெல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். போனில் இரைச்சல், எழுதியே அனுப்பு, தனி அறை வேண்டும், மணி அடிப்பார்களா, கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்களா. எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. உனக்குக் காது கேட்கவில்லை. கோலிக்குண்டு சத்தம் வரைக்கும் கணக்கெடுக்கிற எனக்கு இது கேட்கவில்லையே.

இப்போது போன ஜூன் விஷயம். நான் போனில் சொன்னதை எழுதுகிறேன், நிதானமாகப் படி. "அக்கா, எனக்கு லியூ வந்திருக்கு. வர்ற வியாழக்கிழம வெட்டி எடுக்குறாங்க." நீ, "பெருசா சின்னதா?" என்று கேட்டாய். "சின்னதுதான், ஆனா பயமா இருக்கு" என்றேன். நீ சிரித்துக்கொண்டே, "நல்லதாப் போச்சு! நாள் கடத்தாம வெட்டிடு" என்று சொல்லிப் போனை வைத்தாய். அக்கா, லியூ என்று நான் சொன்னது கட்டியை. எனக்கு இடது மார்பில் கட்டி வந்தது. கெட்ட கட்டி. வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமுடி முழுக்கக் கொட்டியது. பிள்ளைகள் உன்னிடம் சொல்கிறோம் என்றபோது, "அவளுக்குத் தெரியும், தெரிஞ்சும் வரல, ஒருத்தரும் அவகிட்ட பேசக் கூடாது" என்று நான்தான் தடுத்துவிட்டேன். இப்போது முடி கோழிக்குஞ்சு மாதிரி முளைத்திருக்கிறது. எல்லாம் நீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அந்தச் சந்தோஷத்துக்குத்தான் பிள்ளைகள் கப்பல் ஏற்றுகிறார்கள். அந்த நேரத்திலும் எனக்கு உன் நினைப்புதான் வந்தது.

மறுநாள் யென் பிங்கிடம் போய், கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். 7068 வேண்டாம் என்றேன். "அப்ப எது ஆன்ட்டி?" என்று வரைபடத்தை விரித்தாள். மேளக் கூடத்துக்கு நேர் மேலே இருக்கிற அறையில் விரலை வைத்தேன். அந்தப் பெண் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறை. அமைதியான அறையில் உன் காதில் நான் கத்தினால் தளம் முழுக்க வந்து கதவைத் தட்டும். இங்கே யார் கண்டது? கீழே அவர்கள் மேளம் அடிக்கட்டும், மேலே நான் உன்னோடு கத்திப் பேசுகிறேன். கட்டில் அதிருமாம். அது உனக்கும் கேட்கும் அல்லவா?

ஒரே அறைதான். மணி அடித்தால் நான் இருக்கிறேன், உன் காலைப் பிடித்து இழுப்பேன்.

வருவாயா?

உன் ஹூன்


ஜார்ஜ் டவுன்
20 ஜூன் 2007

என் ஹூனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. வாசலில் நின்றபடியே படித்தேன். தபால்காரர் என் முகத்தைப் பார்த்து என்னவோ கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் பிடித்துப் படியில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

மூன்று வருஷமாகிறது. முதலில் இடது காது, பிறகு வலது காது. டாக்டரிடம் போனேன், காதுக்கு வைக்கிற மிஷின் கொடுத்தார். அதை வைத்தால் தட்டு உடைகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறதே தவிர, மனுஷர் பேச்சு கேட்கவில்லை. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. நான் காதை வைத்துச் சோறு தின்றவள். ஊரெல்லாம் என் காதை மெச்சியது. உனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். அதனால் உன்னிடம்தான் முதலில் மறைத்தேன். யார் என்ன கேட்டாலும் ஆமாம் ஆமாம், நல்லது நல்லது என்று சொல்லிப் பழகிவிட்டேன். பெரும்பாலும் அது சரியாகவே அமைந்துவிடும். நம் ஊரில் எல்லாரும் எல்லாரையும் கேட்பது சாப்பிட்டாயா என்றுதானே.

ஹூன், போன ஜூனில் நீ சொன்னதில் எனக்கு ஒரே ஒரு சொல் கேட்டது. லியூ. அடுத்தது "லியன்" என்று நானே சேர்த்து, லியூலியன், டுரியன் பழம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஜூன் மாதம். எங்கள் தெருவில் பாலிக் புலாவ் தோட்டத்து டுரியனை லாரி லாரியாகக் கொட்டி வைத்திருந்தார்கள், வாசனை மாடி வரைக்கும் ஏறியது. நீ டுரியன் வாங்கியிருக்கிறாய், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாய் என்று நினைத்தேன். பெருசா சின்னதா என்று கேட்டது பழத்தை. நாள் கடத்தாம வெட்டிடு என்றதும் பழத்தை. தங்கை நல்ல பழமாகத் தின்னப் போகிறாள் என்று சிரித்தேன். அன்றைக்கு ராத்திரி நானும் ஒன்று வாங்கித் தின்றேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது உன் அக்கா இங்கே டுரியன் தின்றுகொண்டிருந்தாள்.

இந்த வருஷமும் லாரிகள் வந்துவிட்டன. நான் ஜன்னலை மூடி வைத்திருக்கிறேன்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. நாலு மாடியும் ஏறி இறங்குகிறேன். மேளக் கூடத்து அறையே இருக்கட்டும். எண் என்ன என்று நீ எழுதவில்லை. நாலு இருந்தாலும் சரி, நாலு மட்டுமே இருந்தாலும் சரி.

கப்பல் ஜூலையில்தானே என்று கேட்பாய். கப்பல் அதன் நேரத்துக்கு வரட்டும். நான் வருகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறுகிறேன். திங்கட்கிழமை காலையில் வந்துவிடுவேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேர வேண்டுமே என்று அவசரத் தபாலில் போடுகிறேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஒவ்வொரு கடிதத்திலும் வழக்கத்துக்கு இதை எழுதிக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் கேட்கிறேன். பதில் எழுதாதே. நேரில் சொல்.

பஸ் நிலையத்தில் என்னைப் பின்னாலிருந்து கூப்பிடாதே, ஹூன். முன்னால் வந்து நில்.

உன் அக்கா,
இம்